ஒன்றரையிலிருந்து மூன்று வரை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார், எனக்குக் காத்து ஆகாது. பத்து நாப்பதுக்கு எடுக்க வேண்டிய பஸ். இப்போ மணி என்ன, பத்து நாப்பத்தேழு. ஏழு நிமிஷம். வண்டியில அம்பத்தஞ்சு பேர் இருக்கோம்னு வைங்க, முன்னூத்தி எண்பத்தஞ்சு நிமிஷம். ஆறு மணி நேரத்துக்கு மேல, ஒரு டிரைவர் டீ குடிச்சதுல போயிருச்சு. நான் குறை சொல்லலை. உள்ளதைச் சொல்லுதேன்.

நீங்களும் சங்கரன்கோயில்தானா? நல்லதாப் போச்சு. இந்தாங்க, இதை வச்சுக்கங்க. சுவிசேஷத் துண்டுப்பிரசுரம். நாலு பக்கம்தான், ரெண்டு நிமிஷத்துல படிச்சிரலாம். நீங்க திருநீறு பூசியிருக்கீங்க, பாத்தேன். அதுல ஒண்ணும் இல்லை, நான் எல்லாருக்கும்தான் கொடுப்பேன். இப்பமே படிக்க வேண்டாம். பேசிக்கிட்டே போவோம்.

என் பேரு பொன்னையா எபனேசர். பாளையங்கோட்டை, சமாதானபுரம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். டைம் ஆபீஸ்னா தெரியும்லா? தொழிலாளி உள்ள வாரப்போ கார்டு குத்துவான், வெளிய போறப்போ குத்துவான். அத்தனை கார்டும் என் மேஜைக்கு வரும். மூணு நிமிஷம் பிந்தினா சிவப்பு மையில ஒரு வட்டம். நான் போட்ட வட்டத்தை மேனேஜர் அழிச்சது கிடையாது. ஒருத்தன் ஒருநாள், பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில சேத்துட்டு ஓடிவாரேன் சார்னான். கார்டுல ஆஸ்பத்திரின்னு எழுத இடமில்லையேப்பா, எங்க எழுதன்னு கேட்டேன். 

இப்போ எங்க போறேன்னா, என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். லில்லிபுஷ்பம்னு பேரு. வீட்டை விட்டுப் போய் இன்னையோட அம்பத்தாறு நாள். சண்டையெல்லாம் இல்லை சார். சண்டை போட்டிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். ஒரு குறை கூடச் சொல்லாம, சாப்பாடெல்லாம் சமைச்சு மூடி வச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போனா.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

ரிட்டயர் ஆன வருஷம் எங்க சபையில ஒரு எழுப்புதல் கூட்டம் நடந்துச்சு. வெளியூர்ல இருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நீ தின்னது, தூங்கினது, ஊர்க்கதை பேசினது எல்லாம் இந்த மண்ணுலயே கிடந்திரும், நித்தியத்துக்கு உன்கூட வரப்போற மணி நேரம் எத்தனைன்னு கேட்டார். முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் நேரத்தைப் பாத்தே காலத்தைக் கழிச்சிருக்கேன், என் நேரம் எங்க போச்சுன்னே தெரியலை. பந்தல்ல மணல்ல உக்காந்து அழுதேன் சார். பொய் சொல்லலை, தேம்பித் தேம்பி அழுதேன். புஷ்பம் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தா. அன்னைக்கே தீர்மானம் பண்ணினேன். இனி ஒரு மணி நேரம் வீணாப் போகக்கூடாது. எனக்கு மட்டுமில்லை, எங்க வீட்டுல யாருக்கும்.

மறுநாளே டைம்டேபிள் போட்டேன். காலையில நாலரைக்கு எழும்பணும். அஞ்சு வரைக்கும் தனி ஜெபம், அஞ்சுல இருந்து ஆறு வேதவாசிப்பு, ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுல பிரசுர ஊழியம். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஊழியம், ஒரு கட்டிலுக்கு நாலு நிமிஷம். இப்படி ராத்திரி ஒன்பது வரைக்கும். கம்ப்யூட்டர் சென்டர்ல அடிச்சு, லேமினேஷன் போட்டு, ஹால்ல ஒண்ணு, அடுக்களையில ஒண்ணு மாட்டினேன். புஷ்பம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னு படிச்சா. படிச்சுட்டு, "இதுல சமையல் எங்கங்க இருக்கு?"ன்னு கேட்டா.

பாத்தா, இல்லை. விட்டுப் போச்சு. சின்னத் தப்புதான். ஸ்கெட்ச் பேனாவால ஓரத்துல எழுதிக் கொடுத்தேன்: சமையல், பாத்திரம், துணி, ஊழியத்துக்கு இடைஞ்சல் இல்லாத நேரங்களில். அவளும் சரின்னா. அவ எப்பவும் சரின்னுதான் சொல்லுவா. அதனாலதான் எனக்கு இவ்வளவு நாள் தெரியாமப் போச்சு.

எனக்கு ரெண்டு பசங்க சார். ஒருத்தன் பெங்களூர்ல, ஒருத்தன் மஸ்கட்ல. போன் பண்ணினா அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசுவாங்க. என்கிட்ட கொடுத்தா நாலு நிமிஷத்துல முடிச்சிருவாங்க. நேரத்தோட அருமை தெரிஞ்ச பிள்ளைங்க, என்னை மாதிரி.

விஷயத்துக்கு வாரேன். மத்தியானம் ஒண்ணரையில இருந்து மூணு வரைக்கும் டைம்டேபிள்ல என்னன்னா, எனக்குக் கடிதம் எழுதுற நேரம். புத்தி சொல்லி, ஆறுதல் சொல்லி, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் எழுதுவேன். நிறையப் பேர் பதில் போடுறதில்லை, அது வேற. புஷ்பத்துக்கு அந்த நேரம் வேத தியானம். நான் மாடியில எழுதுவேன், அவ கீழ தியானம் பண்ணுதான்னு நினைச்சேன். ஒருநாள் கவர் ஒட்டப் பசை தேடிக் கீழ வந்தா ஆளைக் காணோம். கதவு சாத்தியிருக்கு. வெளிய வந்து பாத்தா, அடுத்த வீட்டுல இருந்து அவ சத்தம் கேக்குது.

அடுத்த வீட்டுல ஆவுடையம்மாள்னு ஒரு அம்மா. பிள்ளைமார். அறுபத்தி ரெண்டு வயசு இருக்கும். வீட்டுக்காரர் முன்னாலயே தவறிட்டார். ஒரே மகள், சிவகாமின்னு, இங்க சங்கரன்கோயில்ல கட்டிக் கொடுத்திருக்கு, மருமகனுக்குப் பவர்லூம். அந்தம்மாவுக்குச் சர்க்கரை முத்திப்போய் ரெண்டு கண்ணும் தெரியாது. சமையலுக்கு ஒரு பொம்பளை காலையில வந்துட்டுப் போயிரும். மத்தபடி தனியாத்தான்.

ஜன்னல் ஓரம் போய் நின்னேன். ஒட்டுக்கேக்கணும்னு இல்லை. உள்ள டிவி ஓடுது. நாடகம். மாமியார் ஒருத்தி மருமகளைப் போட்டு ஏசுதா. என் சம்சாரம் கட்டில்ல அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "இப்போ மாமியார் மாடிப்படியில இறங்கி வாராக்கா. அரக்கு கலர் பட்டு. மூஞ்சியைப் பாக்கணுமே, மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு. சின்னவ பாலை எடுத்துட்டு வாரா. டம்ளரைப் பாத்துக்கிட்டே வாரா, ஏதோ இருக்கு அதுல"ங்கிறா. அந்தம்மா, "அவ என்ன சேலை?"ன்னு கேக்கா. இவ, "மஞ்சள்க்கா, பச்சைக் கரை. உங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சே, சிவகாமி கல்யாணத்துக்குக் கட்டினது, அதே மாதிரி"ங்கிறா. ரெண்டு பேரும் சிரிக்காங்க.

என் சம்சாரம் அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை சார். அம்பத்தெட்டு வயசு அவளுக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

அன்னைக்கு சாயங்காலம் உக்கார வச்சுக் கேட்டேன். எத்தனை நாளா நடக்குன்னேன். ரெண்டு வருஷமாங்கிறா. ஞாயித்துக்கிழமை நாடகம் இல்லை, மத்த ஆறு நாளும் போயிருக்கா. நான் பேப்பர் எடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி, வாரத்துக்கு ஒன்பது மணி, வருஷத்துக்கு நானூத்தி அறுபத்தெட்டு மணி. அதாவது வருஷத்துல பத்தொன்பதரை நாள், ராத்திரி பகலா, மாமியார் மருமகள் சண்டை. ரெண்டு வருஷத்துக்கு முப்பத்தொன்பது நாள். இதை எடுத்துட்டு நாளைக்கு நீ ஆண்டவர் முன்னால எப்படிப் போய் நிப்பேன்னு கேட்டேன்.

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க"ன்னா.

"அதைத்தானே நானும் கேக்கேன். கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு டிவி?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லை சார். சரி, போறதுன்னா போ, ஆனா டிவியை அணைச்சுட்டு வேதத்துல ஒரு அதிகாரம் வாசின்னேன். "அவங்க கேக்கலையே"ங்கிறா. "நீ கேக்க வைக்கணும்"னேன். "அக்கா எப்போ கேக்காங்களோ அப்போ வாசிக்கேன்"னா. ரெண்டு வருஷம் இதைச் சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கா. ஒரு ஆத்துமா பக்கத்து வீட்டுல அழிஞ்சுக்கிட்டிருக்கு, இவ சேலை கலர் சொல்லிக்கிட்டிருக்கா.

அப்புறம் நானே போனேன். ஒரு வியாழக்கிழமை, காலையில பதினொரு மணி. இருபத்தஞ்சு நிமிஷம் ஒதுக்கினேன், அது ஆஸ்பத்திரிக் கட்டிலை விட ஆறு மடங்கு. அந்தம்மா நல்ல மரியாதையா, "வாங்க சார், உக்காருங்க, நாற்காலியில துணி கிடந்தா எடுத்துப் போட்டுருங்க"ன்னாங்க. நான் பாவத்துல ஆரம்பிச்சு நியாயத்தீர்ப்பு வரைக்கும் ஒழுங்காச் சொன்னேன். ஒரு இடத்துல கூடக் குறுக்க பேசலை. முடிச்சதும், "நல்லாப் பேசுதீங்க சார். புஷ்பத்துக்கு இவ்வளவு பேச வராது"ன்னாங்க. நான் விடலை. புஷ்பம் உங்ககிட்ட ஆண்டவரைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லையான்னு கேட்டேன்.

"சொன்னதில்லை. ஆனா தினமும் வந்ததும் என் கையை எடுத்து அவ கைக்குள்ள வச்சுக்கிடுவா. ஒரு நிமிஷம் பேச மாட்டா, உதடு அசையுற மாதிரி மூச்சு மட்டும் கேக்கும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிருக்கா. அது முடிஞ்சாத்தான் டிவி போடுவா. அவ வராத அன்னைக்கு நானே ஒரு கையை எடுத்து இன்னொரு கைக்குள்ள வச்சுப் பாப்பேன். அது சரியா வரலை சார்."

நீங்களே சொல்லுங்க. இது ஊழியமா? சத்தம் இல்லை, வசனம் இல்லை, அந்தம்மாவுக்கு என்ன ஏதுன்னே சொல்லலை. வீட்டுக்கு வந்து புஷ்பத்துக்கிட்ட, முணுமுணுத்தா போதாது, வாயைத் திறந்து சாட்சி சொல்லணும்னேன். அவ முகம் சிவந்து போச்சு. வெக்கப்பட்டான்னு நினைக்கேன்.

மானூர் வந்தாச்சா? சரி. தண்ணி வேணுமா உங்களுக்கு? நான் கொண்டாந்திருக்கேன்.

போன மே மாசம் கன்வென்ஷன், எங்க சபைகளோட பெரிய ஜெபக்கூட்டம். ஊருக்கு வெளிய பெரிய மைதானம், மூணு நாள், பல்லாயிரம் ஜனம். நான் பந்தல் ஒழுங்குக் கமிட்டியில நேரப் பொறுப்பு. பேசுறவருக்கு அஞ்சு நிமிஷம் இருக்குறப்போ பச்சை அட்டை, முடிஞ்சா சிவப்பு அட்டை காட்டணும். புஷ்பத்துக்குப் பெண்கள் பக்கம் தண்ணி கொடுக்கிற பொறுப்பு. கிளம்புற அன்னைக்குக் காலையில வந்து நிக்கா. ஆவுடையம்மாளுக்குக் கால்ல புண்ணு, காய்ச்சல் அடிக்குதாம், சிவகாமி வர நாளைக்கு ஆகுமாம், நான் இருந்துக்கிடட்டுமாங்கிறா. அந்த சிவகாமிக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு அப்போதான் கரு தங்கி ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. அலையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்களாம்.

நான் நிதானமாத்தான் சொன்னேன். காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கு. பல்லாயிரம் ஆத்துமாவுக்குத் தண்ணி கொடுக்கிறது பெருசா, ஒருத்தருக்குக் கைபிடிக்கிறது பெருசா? அவ போய் அந்தம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, கஞ்சி வச்சுக் கொடுத்து, சமையலுக்கு வர்ற பொம்பளைகிட்ட நம்பர் எழுதிக் கொடுத்துட்டு வந்து வேன்ல ஏறினா. கவனம் சிதறக்கூடாதுன்னு அவ போனை நான் வாங்கி என் பையில வச்சுக்கிட்டேன். கமிட்டியில எல்லாருக்குமே அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ரெண்டாம் நாள் மத்தியானக் கூட்டம். பையில போன் அதிருது. எடுத்துப் பாத்தா சிவகாமி. மேடையில தேவசெய்தி உச்சத்துல போய்க்கிட்டிருக்கு. நான் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு மேடைக்கு நேரா நிக்கேன், எப்படிப் பேச? திரும்பத் திரும்ப அடிச்சுது. பதினோரு தடவை. செய்தி முடிஞ்சு, ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவங்க எல்லாம் கையைத் தூக்கி, ஜெபம் முடிஞ்சு, ஆசீர்வாதம் முடிஞ்சு, அப்புறம்தான் போய்க் கொடுத்தேன். ஒண்ணரை மணி நேரம்தான் தாமதம்.

அவ போனை எடுத்துக் கேட்டா. தண்ணி டம்ளரைக் கீழ வச்சா. வச்சுட்டு நடக்க ஆரம்பிச்சா. வேன் எங்க, பஸ் எங்கன்னு ஒண்ணும் கேக்கலை. நான்தான் பின்னால ஓடிப்போய் ஆட்டோ பிடிச்சேன்.

சிவகாமி வந்து அந்தம்மாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, ஆனா நாங்க போறதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. புண்ணுல இருந்து விஷம் ரத்தத்துல ஏறிருச்சாம். சிவகாமி வராந்தாவுல உக்காந்து அழுதுக்கிட்டிருக்கு. புஷ்பத்தைப் பாத்ததும், "எங்க போயிட்டீங்க சித்தி? அம்மா, புஷ்பம் வந்தாச்சா, புஷ்பம் வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில என் கையைப் பிடிச்சுட்டு, உன் பிரசவத்துக்குப் பயப்படாத, புஷ்பம் வருவான்னா"ன்னுச்சு. புஷ்பம் உள்ள போயி, அந்தம்மா கையை எடுத்துத் தன் கைக்குள்ள வச்சுக்கிட்டா. ரொம்ப நேரம். நர்ஸ் வந்து சொல்லி விலக்குற வரைக்கும்.

ஒரு ஆத்துமா தயாரில்லாமப் போனது துக்கம்தான் சார், நான் இல்லைங்கலை. ஆனா அந்தக் கூட்டத்துல மட்டும் நாப்பதுக்கு மேல கை உயர்ந்துச்சு. நான் எண்ணினேன். ஆட்டோவுல வாரப்போ அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு அதைச் சொன்னேன். அவ வெளிய பாத்துக்கிட்டே வந்தா. நான் ஏதும் தப்புப் பண்ணினேனா? விதிமுறை எல்லாருக்கும் ஒண்ணுதானே. எனக்கு ஒரு போன் வந்திருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். எனக்குப் போன் வராது, அது வேற.

அதுக்கப்புறம் ஒரு மாறுதல் வந்துச்சு பாருங்க. அவ என்கிட்ட ஒரு குறை கூடச் சொல்லலை. டைம்டேபிள் எப்படியோ அப்படியே நடந்தா. நாலரைக்கு எழும்பிருவா. ஆஸ்பத்திரிக்கு வான்னா வருவா. மத்தியானம் ஒண்ணரை ஆச்சுன்னா, ஹால்ல நாற்காலியைச் சுவர் பக்கமாப் போட்டு, வேதத்தைத் திறந்து மடியில வச்சு உக்காந்திருவா. மூணு மணிக்கு எழும்புவா. எனக்கு எவ்வளவு சந்தோஷம். அஞ்சு மாசம் எங்க வீட்டுல ஒரு நிமிஷம் வீணாப் போகலை. சபையில சாட்சியாவே சொன்னேன். அவ திறந்து வச்சிருந்தது ஒரே பக்கம்தான். அஞ்சு மாசமும் அதே பக்கம். புரட்டவே இல்லை. தியானம் அவ்வளவு ஆழமாப் போகுதுன்னு நினைச்சு நான் தொந்தரவு பண்ணலை.

பேச்சும் குறைஞ்சு போச்சு. முன்னால எல்லாம் சாப்பிடுறப்போ ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா, காய் விலை, பூனை குட்டி போட்டது, இப்படி. அதெல்லாம் நின்னு போச்சு. வீடு அமைதியா இருந்துச்சு. சில நாள் கரண்டி சத்தம் கூடப் பெருசாக் கேக்கும்.

அக்டோபர் மாசம் சிவகாமி போன் பண்ணுச்சு. ரத்த அழுத்தம், படுத்தே இருக்கணும்னுட்டாங்களாம். மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. போன் வச்ச அரை மணி நேரத்துல புஷ்பம் பையைக் கட்டிட்டா. நான் சொன்னேன், டிசம்பர்ல பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டு விழா, நீ ஜெபம் பண்ணணும்னு நோட்டீஸ்ல பேர் அடிச்சாச்சு, கிறிஸ்மஸ் வேலை எல்லாம் தலைக்கு மேல கிடக்கு, எத்தனை நாள்னேன்.

"பிள்ளைக்குக் கழுத்து நிக்கிற வரைக்கும்."

"அது எத்தனை நாள்?"

"நிக்கும்போது தெரியும்."

அவ்வளவுதான். அஞ்சு மாசத்துல அவ பேசின நீளமான பேச்சு அதுதான்.

முதல் வாரம் எனக்கு ஒண்ணும் தெரியலை. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. சோறு வைக்க நாப்பது நிமிஷம் சார். குழம்பு ஒரு மணி நேரம், அதுவும் வாயில வைக்க முடியலை. பாத்திரம் விளக்க, துணி துவைக்க, தண்ணி பிடிக்க, குப்பை வண்டிக்கு நிக்க. பிரசுர ஊழியம் போச்சு, ஆஸ்பத்திரி போச்சு, கடிதம் போச்சு. இத்தனை நாளும் இதெல்லாம் எந்த நேரத்துல நடந்துச்சுன்னே எனக்கு விளங்கலை. நான் போட்ட டைம்டேபிள்ல அதுக்கு இடமே கிடையாது. அவ ஏதோ ஒழுங்கில்லாமத்தான் செஞ்சிருக்கணும். வந்ததும் கேட்டு எழுதி வச்சுக்கிடணும்.

போதகர்கிட்ட போய்ச் சொன்னேன், ஊழியம் கெடுது, நீங்க ஒரு வார்த்தை போன்ல சொல்லுங்கன்னு. அவர், "உங்க சம்சாரம் ஊழியத்துக்குத்தானே போயிருக்காங்க"ன்னார். இளவயசுக்காரர். பிரசங்கமும் எப்பவும் எட்டு நிமிஷம் கூடிரும் அவருக்கு.

பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆச்சு. பொம்பளைப்பிள்ளை. புஷ்பம் போன் பண்ணி, பழைய வேஷ்டி இருந்தா கிழிச்சுக் கொண்டாங்க, புதுத்துணி பிள்ளைக்குக் குத்தும்னா. அதுதான் இந்தப் பை. ஆலயத்துக்குக் கட்டுற வேஷ்டிதான் ரொம்ப மெதுவா இருந்துச்சு, அதையே கிழிச்சேன். முப்பத்தாறு துண்டு. நேத்து காலை முழுக்க அதுலயே போச்சு. ஓரம் பிரியக்கூடாதுல்லா, ஒவ்வொண்ணா மடக்கித் தச்சேன். இதை டைம்டேபிள்ல எங்க சேக்கிறதுன்னு தெரியலை, சும்மா விட்டுட்டேன்.

என் திட்டம் என்னன்னா, பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேருவேன். ரெண்டேகால் மணி நேரம் அங்க. பிள்ளைக்காக ஒரு ஜெபம், சிவகாமிக்கும் மருமகனுக்கும் ஒரு சிறு செய்தி. மூணு பத்து பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் திரும்பிரணும். நாளைக்கு சாயங்காலம் பிள்ளைகளோட கிறிஸ்மஸ் நாடக ஒத்திகை, நான்தான் நேரம் பாக்கணும்.

ஒரு நிமிஷம் சார், அவதான் போன் பண்ணுதா.

ஆங், சொல்லு. பனவடலி தாண்டிட்டோம்... ஆமா, கொண்டாரேன்... முப்பத்தாறு... நான்தான் தச்சேன். மூணு பத்து பஸ்ஸுக்கு நீ ரெடியா... என்ன? ... எப்போ இருந்து? ... டாக்டர் என்ன சொன்னாங்க? ... நான் என்ன செய்யணும்? ... இல்லை புஷ்பம், நாளைக்கு ஒத்திகை... ம். ... ம். ... அழுதா என்ன செய்ய? ... சரி. ... சரி, வை.

சிவகாமிக்குக் காய்ச்சலாம். நேத்து ராத்திரியில இருந்து. புஷ்பம் அதைப் பாக்கணும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மருமகன் தறியை விட்டு வர முடியாது. பிள்ளையை வச்சுக்கிட ஆளில்லை. என்னை ரெண்டு மூணு நாள் இருக்கிற மாதிரி வாங்கங்கிறா. நான் என்ன செய்யணும்னு கேட்டேன் சார், கேட்டீங்கள்லா? ஒண்ணும் செய்ய வேண்டாம், மடியில வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தாப் போதும்ங்கிறா. அழுதா என்ன செய்யன்னேன். அழுதாலும் வச்சுக்கிட்டிருங்கங்கிறா.

சும்மா உக்கார நான் எதுக்கு சார்? யாராவது உக்காரலாமே. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அறுபத்தாறு வயசு. ஒத்திகைக்கு யார் நேரம் பாப்பா?

போதகருக்குப் போன் பண்ணிச் சொல்லணும். என்ன சொல்ல? பிள்ளையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொல்லவா? அவர் சிரிச்சிருவார். இல்லை, சிரிக்க மாட்டார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா சார்? ரெண்டா? நல்லது. எனக்கும் ரெண்டுதான், சொன்னேன்லா. மூத்தவன் பிறந்தப்போ மில்லுல ஸ்டாக் எடுப்பு, தினமும் ஓவர்டைம். சின்னவன் பிறந்தப்போ ஸ்ட்ரைக். நான் பாத்தப்போ ரெண்டு பேரும் தவழ ஆரம்பிச்சிருந்தாங்க.

ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. பன்னிரண்டு நாள் பிள்ளையை எப்படி எடுக்கணும்? கழுத்து நிக்காதும்லா. தலைக்கு அடியில கையா? இப்படியா? அப்போ இந்தக் கை எங்க போகும்? முதுகுக்கா? விரலை விரிச்சா, சேத்தா? நீங்க செஞ்சு காட்டுங்க, யாரும் பாக்கலை.

ம். முழங்கை மடிப்புல தலை. சரி. அப்புறம் நெஞ்சோட சாய்ச்சு. சரி. அப்படியே எவ்வளவு நேரம்?

அது தூங்குற வரைக்குமா.

தூங்கினதுக்கு அப்புறமும் அசையக்கூடாதா? ஓகோ. இல்லை, எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை காட்டுங்க சார்.